வால் நட்சத்திரமும் அதன் பனியும்



வானத்தில் வால் நட்சத்திரம் தென்பட்டால் நம் வியாபாரிகளிலேயே சிலர் புதுக் கடை திறப்பதையும் கல்யாணம் பேசுவதையும் தள்ளிப் போடுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தை இறந்ததால்தான் கிரகணம் என்று ஜனங்கள் பேசினார்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என்று அந்தத் துக்கத்தின் நடுவிலேயே நாயகம் அவர்கள் திருத்தினார்கள். கிரகணத்துக்குச் சொன்னது வால் நட்சத்திரத்துக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

அந்த அத்தாட்சிக்குள் என்ன இருக்கிறது என்று சற்றுப் பார்ப்போம். 1969-ல் சுர்யூமோவ், கெராசிமென்கோ என்ற சோவியத் வானசாஸ்திரிகள் இருவர் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயரே அதற்கும் வழங்குகிறது. நம் நாக்குக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஐரோப்பியரின் ரொசெட்டா என்ற விண்கலம் 2014 ஆகஸ்டில் அதனிடம் போய்ச் சேர்ந்து, 2016 செப்டம்பர் வரை கூடவே பிரயாணம் செய்தது. நட்சத்திரம் என்பது பேருக்குத்தான். சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கரிநிறக் கட்டி அது. உள்ளே தண்ணீர்ப் பனியும், கரியமில வாயு உறைந்த பனியும். மேலே தூசிப் போர்வை. சூரியனை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய ஆறரை வருஷம்.

சூரியனை நெருங்கும்போது பனி உருகித் தண்ணீராய் ஓடுவதில்லை. அங்கே காற்று கிடையாது. கைலிப் பெட்டியில் போட்ட அந்துருண்டை ஈரம் காட்டாமல் கரைவதைப் போல, பனி நேரே ஆவியாகிறது. ஆவி தூசியையும் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் வால். கரியமில வாயுப் பனிக்குச் சொற்ப உஷ்ணமே போதும். 2015 மார்ச்சில் தென்பாகத்தில் அப்படி ஒரு திட்டு தெரிந்தது. சில வாரங்களில் காணோம்.

தண்ணீர்ப் பனியின் கணக்கு வேறு. அந்தக் கட்டிக்கு நடுவில் கழுத்துப்போல் ஒடுங்கிய இடம் உண்டு. அங்கே வெயில் படும்போது மேற்பனி போய்விடும். நிழல் விழுந்ததும் மேலே குளிர்ந்துவிடும். உள்ளே சூடு மிச்சமிருக்கும். உள்ளிருந்து ஏறிவரும் நீராவி மேலே வந்து மறுபடியும் பனியாக உறையும். 12 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட அதன் நாளில், தினந்தோறும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

2015 ஆகஸ்ட் 13-ல் சூரியனுக்கு மிக அருகே வந்தது. தூசிப் போர்வை பறக்கப் பறக்க, அடிப்பனி வெளிப்பட்டு நீலச் சாயல் கூடியது. விலகிப் போனதும் தூசி படிந்து பழையபடி சிவந்தது. அந்த ஒரு சுற்றில் இழந்தது உத்தேசமாக ஒரு கோடி டன். ஆனால் மொத்தக் கையிருப்பு 1000 கோடி டன்! நாம் ஜகாத்துக்கு நாற்பதில் ஒன்று எடுத்து வைக்கிறோம்; அதற்கு ஆயிரத்தில் ஒன்றுதான் செலவு. எறிந்த தூசியிலும் ஒரு பகுதி பனியோடு அதன்மேலேயே திரும்பி விழுந்தது.

2021 நவம்பரில் அது மறுபடி சூரியனை நெருங்கியது. வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த மாதம் புதுக் கணக்கு எழுதியவர்களில், பெண் பார்க்கப் போனவர்களில், யாராவது அதற்காகத் தயங்கினார்களா? அடுத்த வருகை 2028 ஏப்ரலில்.