உரிமை முடிந்த பனுவலும் முடியாத கடப்பாடும்

மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர், 1897இல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்னும் இன்றைய இந்தியச் சட்டக் கணக்கைப் பொருத்தினாலும், அந்நூலின் பதிப்புரிமை 1957ஆம் ஆண்டோடு முடிகிறது. ஆகவே அதனை எவரும் அச்சிடலாம், பகுத்தெடுத்தும் ஆளலாம். ஆயினும் சட்டம் விலக்காத செயலனைத்தும் அறத்திற்கு உடன்பாடாமோ என்பது வேறு வினாவாகும்.

அந்நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கம் 1970இல் தமிழ்நாட்டரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பெற்றது. 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. திராவிட மொழிகள் தமிழினின்று கிளைத்தன என்பதும், ஆரியம் வழக்கொழிந்தது என்பதும் அமைந்த அடிகள் அதில் இடம்பெறவில்லை. பிறமொழியினர் உளம் நோகாமை கருதிய இவ்விலக்கம் பொது மேடைக்குப் பொருத்தமானதே எனலாம். ஆனால் மலையாளம் வழங்கும் நகரிலிருந்து அவ்வடிகளை எழுதிய ஆசிரியரின் கருத்து, பாடலை மட்டும் அறிந்தவர்க்குத் தெரிய வாய்ப்பில்லை. பாடநூல்களும் விழா மலர்களும் இது தெரிந்தெடுத்த பகுதி என ஒரு சொல் குறித்தால் போதும், பல குறிப்பதில்லை.

சுந்தரம் பிள்ளையே லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியவரல்லரோ எனச் சிலர் வினவக்கூடும். உண்மையே. 1866இல் வெளியான 'மைலீடசின் மறைந்த கதைகள்' தொகுதியில் உள்ளது அது. ஆனால் அவர் கதையைப் பாண்டிய நாட்டிற்குப் பெயர்த்துத் தம் பெயரில் புதுநூலாக்கினார். லிட்டனின் பாடல் லிட்டன் பெயரில் முழுமையாகவே நின்றது. ஒருவர் பெயரிலேயே அவர் பனுவலைக் குறைத்து வழங்குவது இதனின் வேறு. இன்றாயின், உரிமைக் காலத்துள் தழுவலுக்கும் அனுமதி வேண்டும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பாளியின் மதிப்பிற்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுக்கும் உரிமையைப் பதிப்புரிமையினின்று பிரித்தே வைக்கிறது. உரிமைக் காலத்துள் நிகழ்ந்த சிதைவுக்கே அது பொருந்தும் என்னும் வரையறையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிற்று. எனினும் வழக்காடச் சட்டமுறை வழியுரிமையர் வேண்டும். அவர் வாராத இடத்தில் காவலர் பதிப்பாசிரியரே.

மூலம் பொதுவுடைமை என்பதால் அதனைச் சூழ்ந்தவை யாவும் அவ்வாறாகா. அண்மைப் பதிப்பின் உரையும் குறிப்பும் உரையாசிரியர்க்குரியன. ஆசிரியரின் உருவப்படம் அதை வரைந்த ஓவியர்க்கோ ஊதியம் தந்து வரைவித்தவர்க்கோ உரியதாகலாம். 1970இல் எம். எஸ். விசுவநாதன் அமைத்த மெட்டும் இன்னும் காப்பிலேயே உள்ளது. ஆய்வாளர் பலர் மூலத்திற்கு மேற்கோட்குறி இடுகின்றனர். உரையைத் தம் நடையில் கரைத்துவிடுகின்றனர்.