உரியதைக் கேட்பது பேராசையா?



பட்டாளத்தில் உழைத்து, உடல் கெட்டு வீடு திரும்பிய ஒருவர் ஊன பென்ஷனுக்கு மனுச் செய்கிறார். “இல்லை” என்று பதில் வருகிறது. மேல்முறையீடு செய்கிறார், மறுபடியும் “இல்லை.” அப்போது அவர் காதில் இரண்டு பேச்சுகள் விழும். “தேசத்துக்குச் செய்த சேவைக்கு விலை கேட்கலாமா?” என்பது ஒன்று. “தேவ சித்தம் என்று பொறுத்துக்கொள்வதல்லவா புண்ணியம்?” என்பது மற்றொன்று. இரண்டும் பக்தியான பேச்சுகளாகவே தோன்றும். ஆனால் அவற்றைக் கேட்டு மனம் தளர்ந்து, காகிதங்களை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியவர்கள் உண்டு. ஆகையால் அவை மெய்தானா என்று ஆராய்வது அவசியம்.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். அவனவனுக்கு உரியதை அவனவனுக்குக் கொடுக்க வேண்டுமென்ற நிலையான மனமே நீதி என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸின் போதனை. தருமம் கொடுப்பவருடைய தயவைப் பொறுத்தது. கடனோ அப்படியன்று, கொடாவிட்டால் அநீதி. ஊன பென்ஷன் இவ்விரண்டில் எது?

இராணுவத்தில் சேருகிறவனை மருத்துவர்கள் சோதித்துத்தான் எடுக்கிறார்கள். பிறகு அவன் பனிமலைக்குப் போ என்றால் போகிறான், பாலைவனத்துக்குப் போ என்றாலும் போகிறான். மற்ற வேலைக்காரரைப் போல நினைத்த நாளில் விலகிவிட அவனால் ஆகாது. இதற்கு ஈடாகவே அரசாங்கம் ஒரு பொறுப்பை ஏற்றது. 1982ஆம் வருஷத்து விதிகளின் சாரம் இதுதான்: சேரும்போது பதிவாகாத நோயால் ஒருவன் வெளியேற்றப்பட்டால், அது பணியில் வந்ததென்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பாரம் அவன்மேல் இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. ஆகவே இது பிச்சையன்று, கடன். கடனைக் கேட்பவனைப் பேராசைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

விதி அப்படியிருந்தும் நடைமுறை வேறாக இருந்தது. மருத்துவ போர்டு “இந்நோய் பணியால் உண்டானதுமன்று, பணியால் அதிகரித்ததுமன்று” என்று ஒரு வரி எழுதிவிடும்; காரணம் எழுதாது. அந்த ஒரு வரியோடு பலருடைய மனு முடிந்துபோயிற்று.

சிக்னல் படையில் 1985ல் சேர்ந்த ஒரு வீரரின் வழக்கைப் பாருங்கள். ஏறக்குறைய 9 வருஷப் பணிக்குப் பின், வலிப்பு நோயால் நூற்றுக்கு 20 பங்கு ஊனம் என்று 1994ல் அவரை வெளியேற்றினார்கள். ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2004ல் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2009ல் இரு நீதிபதிகள் அதை ரத்துச் செய்தார்கள். கடைசியில் 2013 ஜூலை 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கே நீதி வழங்கியது. காரணம் சொல்லாத மருத்துவ போர்டின் முடிவு செல்லாது என்றும், நிரூபிக்கும் பாரம் வீரன்மேல் இல்லை என்றும் தெளிவாக உரைத்தது. வெளியேறி 19 வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் 2009ல் ஓய்ந்திருந்தால் அவருக்கு மட்டுமா நஷ்டம்? அந்தத் தீர்ப்பை ஊன்றுகோலாகப் பிடித்து அவருக்குப் பின் எத்தனையோ பேர் தங்களுக்குரியதைப் பெற்றார்கள். ஒருவர் தமக்காகக் கேட்ட நீதி பிறருக்கும் உபகாரமாக முடிந்தது.

இனி இரண்டாம் பேச்சு. பொறுமை என்பது துன்பத்தின் பாரத்தால் மனம் முறியாதிருப்பது. அநீதியைச் சரியென்று ஒப்புக்கொள்வதன்று. அர்ச். சின்னப்பர் சிறையையும் அடியையும் சந்தோஷமாய்ச் சகித்தவர். ஆனாலும் உரோமைக் குடிமகன் என்ற தமது உரிமையைப் பேசாமல் விட்டுவிடவில்லை. செசாரிடமே மேல்முறையீடு செய்தார். பொறுமையும் முறையீடும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

விடாமுயற்சியை மனத்திடன் என்னும் புண்ணியத்தின் ஒரு கிளையாக அர்ச். தோமாஸ் வைக்கிறார். அதன் தனிக் கஷ்டம் காலத்தின் நீளமே. போர்முனையில் வேண்டிய தைரியம் சில நாழிகைக்கு. தபாலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தைரியமோ வருஷக்கணக்கில் வேண்டும். எதிரியின் முகம் தெரியாது. பதில் எப்போது வருமென்றும் தெரியாது. குண்டுக்கு அஞ்சாதவனும் இங்கே சோர்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தப் புண்ணியத்துக்கு இருபுறமும் பள்ளம் உண்டு. ஒருபுறம் சீக்கிரம் தளரும் மென்மை; மறுபுறம் முரட்டுப் பிடிவாதம். ஆகையால் மனுதாரர் தம்மைத் தாமே சோதிக்க வேண்டும். நான் சொல்வது முற்றிலும் உண்மையா? எனக்கு விரோதமான அத்தாட்சியையும் நேர்மையாய்ப் பார்க்கிறேனா? இந்த வழக்கு என் வீட்டின் சமாதானத்தைத் தின்றுவிடுகிறதா? இல்லாத ஊனத்தைக் கூட்டிச் சொல்கிறவன் சர்க்காரை மட்டும் ஏமாற்றவில்லை. அவனால், மெய்யாகவே கால் இழந்தவனும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறான். இது களவு.

முயற்சிக்கு விவேகமும் துணை வேண்டும். மருத்துவ போர்டின் அறிக்கை, வெளியேற்றக் காகிதம், வந்த ஒவ்வொரு கடிதம், எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டு அதிகாரிகளும் மறுத்தால், 2009 முதல் நடந்துவரும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் கிளை சென்னையிலும் உண்டு. கடைசி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்வது முறை. பென்ஷன் விஷயத்தில் தாமதத்தை மன்னிப்பதுண்டு. ஆயினும் 2008ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, தாமதித்து வருபவருக்குப் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருஷத்துக்கே கிடைக்கும். 2023 செப்டம்பருக்குப் பின் வெளியேறியவர்களுக்கு விதிகள் புதியவை. அவர்கள் அவற்றையே பார்க்க வேண்டும். வழி தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுவது நலம்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. நம் தெருவில் இப்படிப்பட்டவர் ஒருவர் இருக்கலாம். இங்கிலீஷ் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆளில்லாமலோ, கால் நோவோடு பஸ் ஏறித் தனியே போக முடியாமலோ அவர் தளர்ந்திருக்கலாம். “இன்னுமா அலைகிறாய்?” என்று அவரைக் கேட்காதீர்கள். கடிதத்தை வாங்கி வாசித்துச் சொல்லுங்கள். பதில் எழுதிக் கொடுங்கள். கூடப் போய் வாருங்கள். நீதிக்காகக் காத்திருக்கிறவனைத் தனியே காத்திருக்க விடாததும் நீதியைச் சேர்ந்த வேலையே.

உங்கள் பங்குக் குரு