கணக்கு எப்போது தீர்கிறது?

என் பெரியப்பா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதலாளிக்கு எழுதுவதைப் போலவே தம் சொந்த வரவு செலவையும் ஒரு சிட்டையில் எழுதி வைப்பார். நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு புரட்டாசி மாதத்தில், எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றுவதற்கென்று ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தார். சிட்டையில், ‘தம்பி வீட்டுக்கு ஓடு மாற்ற’ என்று எழுதிக்கொண்டார்.

மழை வந்தது, ஓடு மாறவில்லை. என் தங்கைக்கு டைபாய்டு ஜுரம் கண்டுவிட்டது. ஓட்டுக்கென்று வந்த பணம் டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் கரைந்தது. கார்த்திகையில் பெரியப்பா வந்தார். உள்ளே நுழைந்தவர் முதலில் அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் நடுவே வைத்திருந்த அண்டாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மூத்தாரோடு அம்மா நேருக்கு நேர் பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, “பெரியப்பாகிட்டே நடந்ததைச் சொல்லுடா” என்று என்னைத் தூது அனுப்பினாள். நான் சொன்னேன். பெரியப்பா சிட்டையை எடுத்தார்.

அவர் என்ன எழுதினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் பழைய ஞாபகத்தைக் கிளறிவிட்ட ஒரு விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். அது நடந்தது நம் ஊரில் அல்ல. அமெரிக்காவில், லூயிசியானா மாநிலத்தில்.

2005-ஆம் வருஷம் ஆகஸ்ட் 29-ஆம் தேதி கட்ரீனா என்ற புயல் அந்த மாநிலத்தைத் தாக்கிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காத்து நின்ற கரைகள் உடைந்தன. நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் மூழ்கியது. வீடிழந்தவர்கள் திரும்பி வந்து குடியேறுவதற்காக, மத்திய அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு மாநில அரசு 2006-ல் ஒரு திட்டம் தொடங்கிற்று. ‘ரோட் ஹோம்’ என்று அதற்குப் பெயர்; வீட்டுக்குத் திரும்பும் பாதை. ஏறக்குறைய 1,30,000 குடும்பங்களுக்குச் சுமார் 900 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. சிறிய காரியம் அல்ல.

ஆனால் அளக்கும் படியில் ஒரு கோணல் இருந்தது. புயலுக்கு முன் வீட்டின் விலை என்ன, பழுது பார்க்கும் செலவு என்ன என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதையே கணக்கிட்டார்கள். மரமும் ஆணியும் எல்லாத் தெருவிலும் ஒரே விலைதான். வீட்டின் விலை மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். கறுப்பு மக்கள் வாழ்ந்த பேட்டைகளில் அது குறைவு. ஆகவே ஒரே மாதிரி இடிந்த இரண்டு வீடுகளில், ஏழைப் பேட்டை வீட்டுக்குக் குறைந்த பணம். இதை எதிர்த்து 2008-ல் வழக்கு நடந்து, 2011-ல் சமரசம் ஆயிற்று.

இதோடு இன்னொரு உதவியும் தந்தார்கள். மறுபடி வெள்ளம் வந்தால் முழுகாதபடி, வீட்டை அப்படியே தூக்கித் தூண்களின்மேல் உயர்த்தி வைப்பதற்கு 30,000 டாலர். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது இப்போது சென்னையிலும் நடப்பதால் நமக்கு இது புதிதல்ல. மூன்று வருஷத்துக்குள் உயர்த்திவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுப் பலர் பணம் வாங்கினார்கள். வாங்கியபின் என்ன ஆயிற்று? சுவருக்குக் கொடுத்த பணம் சுவருக்குப் போதவில்லை. உயர்த்த வந்த பணத்தைச் சுவரிலும் கூரையிலும் போட்டார்கள். ‘அப்படிச் செய்யலாம் என்று திட்டத்து ஆட்களே சொன்னார்கள்’ என்பது பல குடும்பங்களின் வாக்குமூலம்.

பிறகு கணக்கை முடிக்கும் வேளை வந்தது. 24,000 வீடுகள் உயர்த்தப்பட்டதற்கு அத்தாட்சி இல்லை, அந்தத் தொகை மட்டும் ஏறக்குறைய 70 கோடி டாலர் என்று 2013-ல் மத்திய அரசின் தணிக்கை சொல்லிற்று. அதே வருஷம் ஒரு தளர்வும் பிறந்தது: பழுது பார்ப்பதில் செலவழித்ததாக நிரூபித்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் வீடு கட்டுகிற அவசரத்தில் ஆணி வாங்கிய ரசீதை எத்தனை பேர் பத்திரப்படுத்துவார்கள்? காட்ட முடியாதவர்களில் சுமார் 3,500 குடும்பங்கள்மீது மாநில அரசு வழக்குப் போட்டது. வாழ்வு கொடுக்க வந்த பாதையிலேயே அமீனா வருவது போலாயிற்று.

இதையெல்லாம் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். தணிக்கை உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் எதிர்பார்த்தபடி அவர் உருகவில்லை.

“நீங்கள் கதை எழுதுகிறவர். கண்ணீரைப் பார்த்தால் பேனா ஓடுகிறது. நான் ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் வாக்குத் தவறாமல், கடன் வாங்கியாவது வீட்டை உயர்த்தினானே, அவன் முட்டாளா? அரசாங்கப் பணம் யாருடையது? அதுவும் ஏழை கட்டிய வரிதானே? இன்னொன்று: அடுத்த வெள்ளம் உங்கள் இரக்கத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா?” என்றார்.

அவருடைய முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயன்றேன். வாக்குக் கொடுத்தவன் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் வாக்கு என்பது இரண்டு பேர் சமமாக நின்று கொடுத்து வாங்கும் பொருள். கூரையில்லாத வீட்டில் நிற்பவன் எந்தக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டான்? தவிர, கொடுத்தவன் முதலில் குறைத்து அளந்ததனால் விழுந்த பள்ளத்தை, வாங்கியவன் இரண்டாவது பணத்தைக் கொண்டு தூர்த்தான். பணத்தைச் சூதாடித் தொலைத்தவனையும் குழந்தைகளின் தலைக்குமேல் கூரை போட்டவனையும் ஒரே பத்தியில் எழுதுகிற கணக்கு, கூட்டல் சரியாக இருந்தாலும் பொய்க் கணக்குதான். பொய் சொன்னவனைத் தேடிப் பிடிப்பது தணிக்கையின் தர்மம். பொய் எது, முடை எது என்று பிரித்தறிவதும் அதே தர்மத்தின் பாதி அல்லவா? அந்தப் பாதியை விட்டுவிட்டால், பொய்யனோடு யோக்கியனும் அகப்பட்டுக்கொள்வான்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

2023 பிப்ரவரியில் மத்திய அரசின் வீட்டு வசதித் துறையும் மாநில அரசும், அந்த வழக்குகளைக் கைவிட்டுத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தன. தொடங்கிப் பதினேழு வருஷம். ஒரு வீட்டில் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போகிற காலம். அன்று எத்தனை கிழவிகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று நினைக்கும்போது என் மனம் நிறைகிறது. ஆனால் நண்பரின் கேள்வி அந்த நிறைவில் ஒரு முள்ளாக நிற்கிறது. வழக்கு வாபஸ் ஆனதால் வீடு ஓர் அங்குலம்கூட உயரவில்லை. தண்ணீர் வந்தால், தள்ளுபடி உத்தரவைக் காட்டி அதை வாசலில் நிறுத்த முடியாது. வாங்கியவனின் கடன் தீர்ந்தது. கொடுத்தவன் எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தானோ அது அப்படியே நிற்கிறது. தண்டிப்பதும் மன்னிப்பதும் ஒரு விதத்தில் ஒன்றுதான். இரண்டிலும் ஏட்டை மூடிவிடலாம். ஏட்டை மூடியபின் அண்ணாந்து பார்ப்பதற்கு யாருக்கும் அவசியம் இருப்பதில்லை.

பெரியப்பாவின் சிட்டைக்கு வருகிறேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ‘ஓடு மாற்ற’ என்பதை அடித்தார். அதன்மேல், ‘குழந்தை வைத்தியத்துக்கு’ என்று எழுதினார். கதவுப் பக்கம் திரும்பி, “ஏம்மா, பணம் சரியாத்தான் செலவாயிருக்கு. நான்தான் தப்பா எழுதியிருந்தேன்” என்றார். அம்மா விசும்புவது கேட்டது. பிறகு அவர் ஒரு வரி விட்டு, கீழே மறுபடியும் ‘ஓடு’ என்று எழுதினார். எதிரே தொகை போடவில்லை. ‘பாக்கி’ என்று மட்டும் போட்டார்.

அந்தப் பாக்கி அம்மாவுடையது என்றுதான் அன்று நான் நினைத்தேன். சித்திரை மாதம் எங்கள் வாசலில் ஓட்டு வண்டி வந்து நின்றபோதுதான் அது யாருடையது என்று எனக்கு விளங்கிற்று.