பேரேட்டில் ஏறாத கடன்

மதீனாவாசிகள் பேரீச்சையின் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்த்து வந்தார்கள். அதனால் பயன் விளையும் என்று தாம் எண்ணவில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறவே, மக்கள் அவ்வழக்கத்தை விட்டனர். விளைச்சல் குன்றிற்று. உலகத் தொழில்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என்ற கருத்தை நாயகமவர்கள் பின்னர் மொழிந்ததை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பேரீச்சைக்கு மனிதன் கை உதவிற்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குவித்து விற்கும் டுரியானுக்கு அவ்வேலையைச் செய்வது யார்? வௌவால்!

டுரியான் பூ பின்மாலையில் மலர்ந்து, விடியுமுன் உதிர்ந்துவிடும். ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்துப் பூவில் சேர்ந்தால் பல வகைகளில் காய் பிடிப்பது மிகக் குறைவு. தேன் குடிக்க வரும் குகை வௌவால் தன் மயிரில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கிறது. டுரியானோ ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற நாட்களில் வாழையும் பெத்தாயும் கடலோரச் சதுப்புக் காட்டுப் பெரெம்பாங்கும் அதற்கு உணவளிக்கின்றன. பத்துமலைக் குகையில் உறங்கும் வௌவால் இரைக்காக 38 கிலோமீட்டர் வரை பறக்குமென 1970-களில் ஆய்ந்தோர் கண்டனர். ஆகவே மலையை உடைத்தாலும் சதுப்பைத் தூர்த்தாலும் எங்கோ ஒரு தோட்டத்தில் காய் குறையும். நாமோ மழையைப் பழிப்போம்.

தோட்டக்காரர், லாரிக்காரர், கூலியாள் யாவருக்கும் கணக்குத் தீர்க்கிறோம். இந்த வேலையாளுக்கு நம்மீது ஹக் உண்டா? "அது தன் வயிற்றுக்காகப் பறக்கிறது, நமக்காகவா உழைக்கிறது?" என்பார் ஒரு நண்பர். நாம் மட்டும் யார் வயிற்றுக்காகக் கடை திறக்கிறோம்? நோக்கம் எதுவாயினும் பயன் பெற்றவன் பெற்றவனே. ஆனால் வௌவாலுக்குக் கூலி கொடுக்க வழியில்லை; தீங்கு செய்யாதிருப்பது ஒன்றே நம்மால் இயலும். அதையும் செய்கிறோமில்லை. பூவை அழிக்கிறதென்று எண்ணி வலை கட்டுவோர் உளர். தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் பூவை அழிக்காமல் காய்க்கவே உதவுகின்றன என்று ஷீமா அப்துல் அஜீஸ் அம்மையாரும் அவர் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

முன்பணம் கொடுத்துத் தோட்டத்தைக் குத்தகை பேசும் நம் சகோதரர்கள், வலை கட்டலாகாது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துப் பேசலாம். தோட்டக்காரர் சிரிப்பாராம். சிரிக்கட்டுமே, முன்பணம் நம்முடையதல்லவா?