தொட்டிக்குள் நிகழும் இம்சை

மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிக்லிட் மீன்களை, அக்கரையில் வழங்கும் டோங்கா மொழிச் சொல்லால் ம்புனா என்பர். ஆண் மீன் தனக்கென ஒரு பாறையிடுக்கைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் படர்ந்த பாசியை மேய்ந்து, அங்கு நுழையும் வேற்று ஆணை விரட்டி வாழ்வது இவற்றின் இயல்பு. ஏரியில் தோற்ற மீன் அடுத்த பாறைக்கு நீந்திப் போய்விடுகிறது. பகையும் அத்துடன் தீர்கிறது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியிலோ, தோற்ற மீன் துடுப்பு கிழிந்து, வடிகட்டிக் குழாயின் பின்னால் மேல்மூலையில் ஒண்டிக் கிடந்து சில நாளில் இறக்கிறது. அந்த இறப்பு வென்ற மீனின் வினையா, தொட்டியை அமைத்தவரின் வினையா என்பது அறவியல் கேள்வி.

இந்தியச் சமயங்களுக்குள் இவ்வழக்கு பழையது. பௌத்தம் சேதனையை, அதாவது செயலை ஏவும் எண்ணத்தை, வினையின் மூலமாகக் கொள்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், சமணரைச் சார்ந்திருந்த இல்லறத்தாரான உபாலியுடன் புத்தர் வாதிடுவது மனவினை பெரிதா, உடல்வினை பெரிதா என்பதைப் பற்றியே. கொல்லும் எண்ணமின்றி அழகுக்காக மீன் வளர்ப்பவர் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். சமணம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர் பறிபோவதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்று வழியிலும் வினை சேரும் என்பது அம்மரபின் கொள்கை. இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்தைக் குலைக்கும் ஐந்து குற்றங்களை அந்நூல் எண்ணும்போது, அடித்தலுக்கும் உணவை மறுத்தலுக்கும் முன்பாகக் கட்டிவைத்தலை நிறுத்துகிறது. தப்பியோடும் வழியை அடைத்ததே தொட்டியின் முதல் செயல் என்பதால், இவ்வழக்கில் சமணத்தின் பார்வையே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

விழிப்பின்மை குற்றமென்றால், வெறும் தொழில்நுட்பமாகத் தோன்றுவதும் அறத்திற்குள் வந்துவிடுகிறது. மலாவி ஏரியின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா இத்தகைய நீரில் கூடுதல் நஞ்சாக மாறும்; அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய வடிகட்டியில் போதிய அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். காத்திராமல் முதல் நாளே மீனை விடுபவர் எவரையும் அடிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. ஆயினும் செவுள் வெந்து மீன் சாகிறது. மணலைத் தோண்டும் பழக்கமுள்ள இம்மீன்களுக்குப் பாறைகளை மணல்மீது அடுக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றி, பிறகு மணல் பரப்ப வேண்டும் என்ற விதியும் இத்தகையதே.

சண்டையை அடக்க வளர்ப்போர் கையாளும் வழி இன்னும் சிக்கலானது. ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்று நான்கு என விடுவதோடு, தொட்டியைச் சற்று நெருக்கமாகவே நிரப்புகின்றனர்; நீலமும் கருமையுமாகப் பட்டை பட்டையாக இருக்கும் டெமசோனி என்னும் சிறு மீனை ஒரு டஜனுக்குக் குறையாமல் வாங்கச் சொல்வர். கூட்டத்தில் எந்த ஆணும் ஒரே எதிரியைத் தொடர்ந்து துரத்த முடியாது. ஒருவனைக் கொல்லும் அடி பலருக்குச் சிறுசிறு காயங்களாகப் பங்கிடப்படுகிறது. ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கோன்ராட் லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் இதையொத்த செய்தி உண்டு: சிக்லிட் இணைகளுக்கு இடையே கண்ணாடித் தடுப்பு இருக்கும்வரை ஆண்கள் அண்டை வீட்டாரிடம் சீறுகின்றன; தடுப்பில் பாசி படர்ந்து அண்டை வீடு மறைந்ததும், அதே சீற்றம் சொந்த இணையின்மேல் திரும்புகிறது. சீற்றம் தேங்கி வழிந்தே தீரும் என்று அவர் கட்டிய கோட்பாட்டைப் பின்வந்தோர் ஏற்கவில்லை என்றாலும், அக்காட்சி எழுப்பும் ஐயம் நிற்கிறது. நெரிசலால் விளையும் அமைதியை அகிம்சை என்று அழைப்பது மிகை. இம்சையைப் பங்கிட்டுச் சாவைத் தவிர்த்த ஏற்பாடு என்பதே நேர்மையான பெயர். அவ்வேற்பாடு இல்லாத தொட்டியைவிட அது மேலானது என்பதையும் மறுப்பதற்கில்லை.

உடன்படல் என்னும் மூன்றாம் வழியோ குஞ்சுகளின் விஷயத்தில் கடுமையாகிறது. பெண் மீன் முட்டைகளை வாயில் ஏந்தி, ஏறக்குறைய மூன்று வாரம் இரையின்றிக் கிடந்து குஞ்சுகளை வெளிவிட, நெரிசலான தொட்டியில் பிற மீன்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. இதை இயற்கை என்று விட்டுவிடுபவர், அந்த நெரிசலைத் தாமே உண்டாக்கியதை மறக்கிறார். குஞ்சுகளைப் பிரித்துக் காப்பவருக்கோ விரைவில் இடம் போதாமற் போகிறது. இனம் கலந்து பிறந்தவற்றை வாங்க ஆளும் குறைவு. ஆண்களை மட்டுமே வளர்ப்பது ஒரு தீர்வாகச் சொல்லப்படுகிறது. அது குஞ்சுகளின் சாவைத் தடுக்கும், ஆனால் இனம் பெருக்கும் வாழ்வையே அந்த ஆண்களுக்கு மறுத்துவிடும்.