குருவில்லாத இருநூறு வருஷம்



பயம் நுழையாத வீடு உலகத்தில் இல்லை. வைத்தியர் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மௌனமாயிருந்தால் பயம். வேலை நிலைக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பயம். கடலுக்குப் போனவர் பொழுது விடிந்தும் கரை சேராவிட்டால் பயம். கலிலேயாக் கடலில் அப்போஸ்தலர்களும் நடுங்கினார்கள். சேசுநாதர் சுவாமி அவர்களோடு அதே படகில் இருந்தார், ஆயினும் நித்திரையாயிருந்தார். ஆகையால் பயப்படுவது பாவமன்று. பயம் நம்மை யாரிடம் ஓடச் செய்கிறது என்பதே கேள்வி. அப்போஸ்தலர்கள் சேசுவிடம் ஓடி அவரை எழுப்பினார்கள்.

ஆனால் ஆண்டவர் ஓர் இரவல்ல, தலைமுறை தலைமுறையாக நித்திரையாயிருப்பதுபோல் தோன்றினால் என்ன செய்வது? அப்படிப்பட்ட சோதனையிலும் விசுவாசத்தைக் காத்த ஒரு ஜனம் உண்டு. அவர்கள் ஜப்பான் தேசத்து நாகசாகிக் கிறிஸ்தவர்கள்.

தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஜெபங்களைத் தமிழிலேயே மனப்பாடம் செய்வித்த அதே அர்ச். சவேரியார்தாம் 1549-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி, தேவமாதாவின் திருநாளன்று, ஜப்பானில் ககோஷிமாத் துறையில் இறங்கினார். அவர் விதைத்த விதை செழித்து வளர்ந்தது. ஆனால் சீக்கிரத்தில் வேதகலாபனையும் தொடங்கியது. 1597-ல் நாகசாகிக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு வேதசாட்சிகளாய் மரித்தார்கள். 1614-ல் சத்திய வேதத்தைத் தேசமெங்கும் தடுத்துக் கட்டளை பிறந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன. குருமார் துரத்தப்பட்டார்கள், ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 1644-ல் கடைசிக் குருவும் உயிர் துறந்தார். அதற்குப்பின் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, திவ்விய நற்கருணை இல்லை.

இவ்வளவும் போனபின் மீதியாயிருந்தது என்ன? ஞானஸ்நானமும் ஜெபமும் இருந்தன. மறைவாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்கள். திருநாட்களையும் தவசு காலத்தையும் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடு வீடாய்ச் செய்தி அறிவிக்க ஒருவர் என்று ஏற்படுத்தினார்கள். தகப்பன் சொன்ன ஜெபத்தைப் பிள்ளை வாய்மொழியாகவே கற்றுக்கொண்டான். அவற்றில் கலந்திருந்த லத்தீன் வார்த்தைகளுக்கு அர்த்தம் மறந்து போயிற்று. ஆயினும் ஜெபத்தை விட்டுவிடவில்லை. புத்த சமயத்தாரின் கன்னோன் உருவத்தை வீட்டில் வைத்து, அதன் முன் தேவமாதாவை மனதில் நினைத்து மன்றாடினார்கள்.

இவர்கள் எல்லாரும் பயமறியாத வீரர்கள் என்று எண்ணவேண்டாம். ஆண்டவருடைய உருவமோ தேவமாதாவின் உருவமோ பதித்த பலகையைக் காலால் மிதிக்கும்படி அதிகாரிகள் வருஷந்தோறும் கட்டாயப்படுத்தினார்கள். மாட்டேன் என்று நின்று மரித்தவர்கள் உண்டு. பெண்சாதி பிள்ளைகளை நினைத்து நடுங்கி மிதித்தவர்களும் உண்டு. மிதித்தது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபின் செய்ததைக் கவனியுங்கள்: கதவைச் சாத்தி, உத்தம மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லிச் சர்வேசுரனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அர்ச். இராயப்பரும் மூன்று முறை மறுதலித்துப் பின் மனங்கசந்து அழுதாரல்லவா? விழுந்தவன் விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் பசாசின் விருப்பம்.

இப்படியே இருநூறு வருஷத்துக்கு மேல் கடந்தது. அந்நிய தேசத்தார் கோவில் கட்ட அனுமதி கிடைத்தபின், பெத்திஜான் என்னும் பிரெஞ்சுக் குருவானவர் நாகசாகியில் ஓவுரா என்ற இடத்தில் கோவில் கொண்டிருந்தார். 1865-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி உரகாமி கிராமத்தார் சுமார் 15 பேர் அங்கே வந்தார்கள். குருவானவர் பீடத்தின் முன் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கையில் ஒரு ஸ்திரீ அவர் அருகில் வந்து, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றே என்று மெதுவாய்த் தெரிவித்தாள். பின்பு சாந்தா மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். அவர்கள் அப்போது தவசு காலம் அனுசரித்துக்கொண்டிருந்தார்கள். குருவானவருடைய தவசு காலமும் அதுவே! இத்தனை வருஷத்துக்குப் பின்னும் நாட்கணக்கு தப்பவில்லை.

துன்பம் அத்துடன் தீரவில்லை. 1867 முதல் மறுபடியும் அவர்களைப் பிடித்தார்கள். உரகாமியார் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஊரைவிட்டு நாடு கடத்தினார்கள். அறுநூறு பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். 1873-ல்தான் தடை நீங்கி மற்றவர்கள் வீடு திரும்பினார்கள்.

கிறிஸ்தவர்களே, இந்தச் சரித்திரம் நமக்குக் கற்பிப்பது ஒன்று. ஆபத்து வந்தபின் விசுவாசத்தைத் தேடப் புறப்பட்டால் அது கையில் அகப்படாது. சமாதான காலத்தில் வீட்டில் பழகி வைத்ததுதான் பயத்தின் காலத்தில் நம்மைத் தாங்கும். 2020-ம் வருஷம் தொற்று நோயின் நிமித்தம் நம் தேசத்துக் கோவில்களும் அடைபட்டன. அவ்வருஷம் பெரிய வாரமும் பாஸ்குத் திருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அந்த நாட்களில் உங்கள் வீட்டில் ஜெபச் சத்தம் கேட்டதா? கோவில் மூடினபோது உங்கள் வீடு கோவிலாயிற்றா? அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகையால் இந்த வாரமே மூன்று காரியங்களைத் தொடங்குங்கள். முதலாவது, தினமும் அந்தியில் குடும்பமாய் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுங்கள். முழுதும் முடியாவிட்டால் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள். இரண்டாவது, பரலோக மந்திரம், விசுவாச மந்திரம், மனஸ்தாப மந்திரம் இவற்றைப் பிள்ளைகள் புத்தகம் பாராமல் சொல்லும்வரை கற்பியுங்கள். மூன்றாவது, சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் தலையில் தண்ணீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேரால் ஞானஸ்நானம் கொடுக்கும் விதத்தை வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருங்கள். நாகசாகியாரை இருநூறு வருஷம் காத்தவை இவைபோன்ற சிறிய காரியங்களே.

காற்று அடிக்கும், அலை எழும்பும். ஆண்டவர் உறங்குவதுபோல் தோன்றினாலும் படகைவிட்டு இறங்கிப் போகிறவரல்ல. நமக்கும் ஜப்பானியருக்கும் ஒரே ஞானத் தகப்பனான அர்ச். சவேரியாரும், பயந்தவர்களுக்கு அடைக்கலமான தேவமாதாவும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக.

ஆமென்.