வளர்ச்சி யாருடைய கடன்?

ஆசிரியர் வளர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவ்வளர்ச்சிக்குப் பொதுப்பணம் செலவிடப்படுவதையும் பலர் ஒப்புக்கொள்வர். ஆனால் அப்பணத்தைப் பெற்றவர் அதனை எவ்வாறு கருத வேண்டும்? அது ஊதியத்தின் ஒரு பகுதியா? திறமைக்குக் கிடைத்த பரிசா? அல்லது திருப்பித் தர வேண்டிய கடனா? இவ்வினாவுக்குச் சட்டம் தரும் விடை ஒன்று. அறம் தரும் விடை வேறொன்று.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில், 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிற்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தையே ஒரு பட்டப்படிப்பாக அமைத்துக்கொண்ட கலாசாலை அது. இலங்கையின் அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு மேற்படிப்புக்காகச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஆய்வுக்கு மானியம் உண்டு. ஏழாண்டுப் பணிக்கு ஒருமுறை 'சபாத்திக்கல்' எனும் ஓய்வாண்டும் உண்டு. 1880இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தொடக்கிவைத்து, பின்னர் உலகெங்கும் பரவிய வழக்கம் இது.

வகுப்பு எடுக்காத ஆசிரியருக்குச் சம்பளமா என்று கேட்போர் உளர். அவர்கள் பசறைத் தோட்டங்களைப் பார்க்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள். அதன்பின் சில மாதங்கள் அம்மலையில் கொழுந்து இல்லை. அதை நட்டமென்று எந்தத் துரையும் கணக்கெழுதியதில்லை. கவ்வாத்து வெட்டாத செடி மரமாகிவிடும். கைக்கு எட்டாத உயரத்தில் பயனற்றுத் தழைக்கும். கற்பதை நிறுத்திய ஆசிரியரின் நிலையும் அதுவே. கற்பிப்பவனும் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் உண்மையை மார்க்ஸ் 1845இலேயே குறித்துவைத்தார். தொழிலுக்கு நேரே உதவாத நூல்களைப் படிப்பதும், பிற நாட்டையும் மக்களையும் காண்பதும்கூட ஆடம்பரமல்ல. மனிதனாக வளராதவன் ஆசிரியனாக மட்டும் வளர்ந்துவிட முடியாது.

ஆகவே மானியம் வேண்டும். ஆயினும் அது எங்கிருந்து வருகிறது?

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்திலும் அதன் பின்னரும் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கை ஈட்டியது தேயிலை. ஆனால் அதைப் பறித்த கைகளுக்குரிய குழந்தைகள் தோட்ட நிருவாகத்தின் தயவில் நடந்த பாடசாலைகளிலேயே விடப்பட்டனர். 1948இன் சட்டம் அவர்களுடைய பெற்றோரின் குடியுரிமையையே பறித்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னரே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. 1980களில் சுவீடன் அளித்த உதவியும், பின்னர் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் தோட்டத்து ஆசிரியர்களின் பயிற்சிக்கு வழி திறந்தன. நன்றியோடு நினைக்க வேண்டியவை அவை. ஆனால் தேயிலையால் செழித்த நாடு, தேயிலை பறிப்போரின் ஆசிரியர்களைப் பயிற்ற அயல்நாட்டாரின் கையை எதிர்பார்த்தது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அண்மைக்கால நிலை என்ன? 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளராக நியமனம் பெற்ற இளைஞர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட மாதப்படி 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. பேருந்துக் கட்டணத்துக்கே போதாத தொகையில் 'சுய வளர்ச்சி' எங்கே? ஏணியின் மேற்படியில் நிற்பவருக்கு ஏற உதவி கிடைக்கிறது. கீழ்ப்படியில் நிற்பவர் ஏணியையே தாங்கிக்கொண்டிருக்கிறார்.

இனிக் கடன் பற்றிய வினாவுக்கு வருவோம். சம்பளத்துடன் கற்கச் செல்லும் விரிவுரையாளர், இத்தனை ஆண்டு திரும்பிப் பணிபுரிவேன் எனப் பிணைமுறி எழுதித் தருகிறார். திரும்பாவிடில் பணம் கட்ட வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுச் சென்ற கல்விமான்கள் பலர். பணத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது ஒரு சாராரின் வாதம். அவர்களைப் போகவிடாமல் கட்டிப்போட வேண்டும் என்பது மறு சாராரின் வாதம்.

இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. கடனால் மனிதனைக் கட்டிப்போடுவது எத்தகைய கொடுமை என்பதை மலையகம் அறியும். 'துண்டு' எனும் கடன் சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குத் தொழிலாளியைத் துரத்திச் சென்றது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. படித்தவருக்குப் புதிய துண்டு எழுதுவது நீதியாகாது. பிள்ளைக்குப் பால்மா வாங்க முடியாமல் கடல் கடந்தவரைத் துரோகி என்பதும் அறமாகாது. எனினும் பிணைமுறியின் பணம் கொழுந்து பறித்தவளின் குழந்தைக்குச் செல்வதில்லை. எனவே பிணை தீரலாம், கடன் தீர்வதில்லை.

அக்கடன், கொடுத்தவனிடம் திருப்பும் கடன் அன்று. பின்னால் வருபவனுக்குக் கொடுக்கும் கடன். ஆகவே அதை எங்கிருந்தும் செலுத்தலாம். பசறையிலிருந்து செலுத்தலாம், மெல்பேர்ணிலிருந்தும் செலுத்தலாம். தன் ஆய்வைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பாடசாலை ஆசிரியன் கையில் சேர்ப்பது ஒரு வழி. தோட்டப் பாடசாலையின் கணித ஆசிரியையோடு சேர்ந்து பாடங்களை ஆயத்தம் செய்வது இன்னொரு வழி.

ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. ஆசிரியர் தட்டுப்பாடுள்ள பாடசாலையில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒரு வகுப்பு அனாதையாகிறது. ஆதலால் பதில் ஆசிரியருக்கும் சேர்த்து நிதி ஒதுக்காத எந்த வளர்ச்சித் திட்டமும் அப்பாடசாலைக்கு எட்டாத திட்டமே. சம்பளத்துடன் விடுமுறை, நூல் வாங்கப் பணம், படிக்க நேரம் ஆகிய மூன்றும் விரிவுரையாளருக்கு உரிமையென்றால், லயத்துப் பிள்ளைக்கு அகரம் சொல்லித்தருபவருக்கும் அவை உரிமையே.

மானியம் பெற்று மீண்டவரை இச்சமூகம் 'என்ன பட்டம் பெற்றாய்?' என்று கேட்கிறது. 'உன்னால் இன்னும் யார் வளர்ந்தார்?' என்று கேட்கத் தொடங்குவோம். அவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்க ஆசிரியர்களாகிய நாம் முன்வர வேண்டும்.